மோதினார் பாயின் கட்டைவிரல்

போன வெள்ளிக்கிழமை எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பச்சை நிறம், ஜரிகைக் கரை, கூடவே ஓர் எலுமிச்சம்பழம். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்து வருகிறவர்களுக்குச் செய்யும் அத்தனை மரியாதையும் செய்தார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. ஒன்பது வருடம் பிசியோதெரபி உதவியாளராக இருந்துவிட்டு, இனி உதவியாளர் படிப்புக்கு வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் கேக்கில் 'ஓய்வு பெறும் அக்காவுக்கு' என்று எழுதியிருந்தது. அது அகிலனின் வேலை.

அகிலனும் பிரியாவும் எங்கள் சிகிச்சை நிலையத்தில் இந்த வருடம் சேர்ந்த உதவியாளர்கள். கேக் வெட்டி முடிப்பதற்குள் பிரியா பிடித்துக்கொண்டாள்.

"ரிட்டையர் ஆகுறவங்க அனுபவத்தை எழுதிக் குடுத்துட்டுப் போகணும்க்கா. நரம்பு பத்தி எழுதுங்க. எங்களுக்கு அந்தப் பாடம்தான் மண்டைல ஏற மாட்டேங்குது."

"அதான் போன்ல வீடியோ இருக்கே. மூளையைச் சுத்திச் சுத்திக் காட்டுறானே."

"மூளை நல்லாத்தான் சுத்துதுக்கா. பார்த்துட்டு எழுந்திரிச்சா எங்க தலையும் சேர்ந்து சுத்துது," என்றான் அகிலன்.

சரி, எழுதுகிறேன். அந்தப் பாடம் எனக்கு நன்றாக ஏறிவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மனிதருக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

படித்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்குகிறவள் நான். கேள்வி முடிவதற்கு முன்பே தூக்குவேன். நரம்புப் பாடம் பிடித்துப் போனதற்குக் காரணம் எங்கள் ஊர்த் தண்ணீர். கல்லணையில் திறந்துவிடுகிறார்கள், ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து கடைமடை வயல்வரை வந்து சேர்கிறது. மூளையைக் கல்லணையாக வைத்துக்கொண்டேன், கால்விரலைக் கடைமடையாக. ஒரே ராத்திரியில் பாடம் முழுவதும் விளங்கிவிட்டது. தேர்விலும் நல்ல மதிப்பெண். ஆனால் கடைமடைக்காரன் மேலே தகவல் சொன்னால்தானே அணையில் எவ்வளவு திறப்பது என்று தெரியும்? கால் எங்கே இருக்கிறது, எப்படி வளைந்திருக்கிறது என்று மூளைக்கு நொடிக்கு நொடி சேதி போக வேண்டும். அந்த மேல்நோக்கிய வழியைத் தேர்வுத்தாளில் எழுதினேன். மனதில் வரைந்து வைத்திருந்த படத்தில் அது இல்லவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்தது தெற்கே ஒரு சின்ன ஊரில். பேராவூரணிப் பக்கத்திலிருந்து தென்னை மரம் ஏறி விழுந்தவர்கள், கடற்கரை ஊர்களிலிருந்து பக்கவாதம் வந்தவர்கள், முழங்கால் தேய்ந்துபோன நடவு ஆட்கள் எல்லாரும் வருவார்கள். எங்கள் பிசியோதெரபிஸ்ட் வசந்தி மேடத்துக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இந்தக் கட்டிலில் ஒருவர் தோளைப் பிடித்தபடியே அடுத்த கட்டிலில் நடப்பதற்குப் பதில் சொல்வார். கோபம் வந்தால் குரல் குறையும். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் போக வேண்டியிருக்கும், அதுதான் தண்டனை.

சேர்ந்த இரண்டாவது வாரம். வலது கை, கால் விழுந்துபோன ஒரு அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். அவர் மகன்கள் இருவரையும் நிறுத்தி வைத்துப் பாடம் நடத்தினேன். வலது பக்கம் விழுந்தால் பாதிப்பு இடது மூளையில், பேச்சுக்கான இடமும் அங்கேதான், அதனால் அம்மாவுக்கு இனிப் பேச்சு சிரமம் என்று சரளமாகச் சொல்லிக்கொண்டே போனேன். கட்டிலிலிருந்து கணீரென்று குரல் வந்தது.

"எனக்குப் பேச்சு வராதுன்னு எவடி சொன்னவ?"

கூடம் முழுக்கச் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. அருகில் வந்து மெல்லச் சொன்னார்: "பார்த்ததைச் சொல்லு. நினைச்சதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

அந்த வாக்கியத்தை என் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அதோடு அது வேலை செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

மைதீன் பாய் வந்தது அதற்கு அடுத்த வருடம். கடற்கரையோரம் ஒரு சின்னப் பள்ளிவாசலில் மோதினார் அவர். ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது, கதவு திறப்பது, விளக்குப் போடுவது, தொழ வருகிறவர்கள் கை கால் கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. குடியிருந்த வீடும் பள்ளிவாசலுக்குச் சொந்தம். அறுபது தாண்டிய மெலிந்த மனிதர். சர்க்கரைக்குப் பல வருடமாக மாத்திரை. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் 'இல்லை' வராது. சுபுஹு, அதாவது விடியும் முன் சொல்லும் முதல் பாங்குக்குப் போகும்போது சந்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். பல நாள் பாங்கு தவறியிருந்தது. ஜமாஅத்தின் செயலாளரே அவரைக் கூட்டி வந்திருந்தார்.

"டாக்டரம்மா, அவரு நல்ல மனுஷன். அதுல சந்தேகமில்ல. ஆனா காலு வரலங்கறாரு. மத்தியானம் லுஹருக்கு வருது, சாயங்காலம் அஸருக்கு வருது, ராத்திரி இஷாவுக்குத் தெருவுல கடை வெளிச்சத்துல ஜோரா நடந்து வர்றாரு. சுபுஹுக்கு மட்டும் வரமாட்டேங்குது. காலுக்கு மணி பாக்கத் தெரியுமா, சொல்லுங்க?"

பாயும் சேர்ந்து சிரித்தார். அவரைக் கேலி செய்கிறார்கள் என்பதே தெரியாதவர்போலச் சிரித்தார்.

"கோளாறு இருக்குன்னா எழுதிக் குடுங்க. வைத்தியம் பாப்போம், அதுவரைக்கும் சுபுஹுக்கு ஒரு ஆளைப் போட்டுக்குவோம். இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுங்க. நோன்புப் பெருநாளைக்குள்ள வேற மோதினார் பாத்தாகணும்," என்றார் செயலாளர்.

முதல் பரிசோதனைத் தாளை நிரப்புவது உதவியாளர் வேலை. மேடம் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பாயைக் கட்டிலில் படுக்க வைத்தேன். தொடையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். என் கையை எதிர்த்து உதைக்கச் சொன்னேன், நன்றாகவே உதைத்தார். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறது, கடைமடைவரை வந்திருக்கிறது. என் மனதில் முடிவு பாதி எழுதியாகிவிட்டது. தாளில் மிச்சமிருந்தது நிலையுணர்வு: கண்ணை மூடியிருக்கும்போது தன் கால்விரல் எந்தப் பக்கம் அசைகிறது என்று ஒருவருக்குத் தெரிகிறதா என்பது.

"கண்ணை மூடிக்குங்க பாய். கட்டைவிரலை அசைப்பேன். மேலயா கீழயான்னு சொல்லணும்."

"பரீட்சையாம்மா? பாஸ் பண்ணிருவோம்."

மேல் என்றார், கீழ் என்றார். ஐந்துக்கு ஐந்தும் சரி. இரண்டு காலையும் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லும் சோதனை ஒன்று பாக்கி. வெளியே பெஞ்சில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். விரலில் ஐந்துக்கு ஐந்து வாங்கியவரை எதற்கு நிற்க வைப்பது? 'சரியாக உள்ளது' என்று எழுதினேன். மேடம் ஒரு பக்கவாத நோயாளியைத் தாங்கிப் பிடித்திருந்தார். தாளை நான் நீட்ட, ஒரு கையால் கையெழுத்திட்டார். 'கால்களில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை' என்று கடிதம் போனது.

மூன்று மாதம் கழித்து மணிக்கட்டில் கட்டுப் பிரித்த கையோடு பாய் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை கூட வந்தவர் அவர் மகள் ஹசீனா. எலும்பு கூடிவிட்டது, கைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

"எப்படி விழுந்தீங்க பாய்?"

"தண்ணித் தொட்டிக்குள்ள நமக்கு என்ன சோலியோ, போயி விழுந்தாச்சு."

"அத்தா எல்லாத்துக்கும் இப்படித்தான்க்கா சிரிப்பாங்க," என்றாள் ஹசீனா. அவள் சிரிக்கவில்லை. "உங்க கடுதாசி வந்ததுலேருந்து ஊர்ல அத்தாவுக்குத் தூங்குமூஞ்சி மோதினார்னு பேரு. சின்னப் புள்ளைங்ககூட சொல்லுதுங்க. பெருநாளைக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. வீட்டைக் காலி பண்ணச் சொல்லியாச்சு."

என் காது சூடேறியது. ஆனாலும் என் மனம் அந்தத் தாளின் பக்கம்தான் நின்றது. நான் பார்த்ததைத்தானே எழுதினேன்!

"தொட்டில விழுந்தது விடியற்காலையா?" என்று கேட்டேன்.

"நல்ல வெளிச்சம்க்கா. அஸருக்கு ஒளு செய்யப் போனாங்க. குத்துக்கால் போட்டு உக்காந்து கையைக் கழுவுனாங்க, வாய் கொப்புளிச்சாங்க, ஒண்ணுமில்ல. மூஞ்சில தண்ணி அடிச்சாங்க பாருங்க, அப்படியே குப்புற உள்ள."

மூஞ்சியில் தண்ணீர் அடிக்கும்போது எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வோம். இருட்டு, மூடிய கண். இரண்டும் ஒன்றுதான். இந்த மனிதர் தன் காலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறார்! வெளிச்சம் போனால் கால் எங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியாது. காலுக்கு மணி பார்க்கத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு இருட்டத் தெரியுமே.

கையை விட்டுவிட்டுக் காலுக்கு ஓடினேன். செருப்பைக் கழற்றி, கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலைப் பிடித்தேன்.

"மேல," என்றார் பாய். சரி. "கீழ." சரி. "கீழ." அதுவும் சரி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த கட்டிலிலிருந்து மேடத்தின் குரல் வந்தது, மிகவும் தாழ்ந்து.

"எங்க பிடிச்சிருக்க?"

குனிந்து பார்த்தேன். என் பெருவிரல் பாயின் நகத்தின்மேல் இருந்தது, ஆள்காட்டி விரல் அடியில். வீட்டில் சொடக்கு எடுக்கும் பிடி அது. வயலிலிருந்து வந்ததும் அப்பா காலை நீட்டுவார். பத்து விரலுக்கும் நான்தான் சொடக்கு எடுப்பேன். இந்தப் பக்கம் எந்த வீட்டில் எடுக்காமல் இருக்கிறார்கள்? என் கைக்குக் கால்விரல் என்றால் அந்தப் பிடிதான் தெரியும். படிப்பதற்கு முன்பே பழகிய பிடி. ஆனால் மேலும் கீழும் பிடித்து அசைத்தால், கீழே தள்ளும்போது நகத்தில் அழுத்தம் விழும், மேலே தூக்கும்போது அடியில் விழும். அசைவு தெரியாதவருக்கும் அழுத்தம் தெரியும். விடையை நானே விரலில் எழுதிக் காட்டிவிட்டுச் சரி போட்டிருக்கிறேன்.

மேடம் வந்தார். ஒரு கையால் விரலின் அடி மூட்டை அசையாமல் பிடித்தார். மறு கையின் இரண்டு விரல்களால் நகத்துக்கு இரு பக்கமும், பக்கவாட்டில், ஈர்க்குச்சியைப் பிடிப்பதுபோலத் தொட்டார். பக்கத்து விரலில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டார். முதலில் பாயின் கண்ணைத் திறக்கச் சொல்லி மேல் எது, கீழ் எது என்று காட்டினார். பிறகு மூடச் சொல்லி, கொஞ்சமாக மேலே அசைத்தார். பாய் பேசவில்லை. கீழே, மறுபடி கீழே, மேலே. நாங்கள் காத்திருந்தோம்.

"அசைங்கம்மா," என்றார் பாய், கண்ணைத் திறக்காமலே. "நான் ரெடியாத்தான் இருக்கேன்."

நான்கு தடவை அசைத்து முடித்திருந்தார்.

ஹசீனா வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் விரலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "கையெழுத்து என்னோடது," என்றார். "உனக்கு ஒரு பங்கு, எனக்கு ரெண்டு பங்கு. இப்ப அவரோட சர்க்கரை டாக்டருக்குப் போன் போடு."

ரத்தப் பரிசோதனையில் பி12 வைட்டமின் தரைதட்டியிருந்தது. சர்க்கரைக்கு அவர் எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு அப்படி ஆகும், அது குறைந்தால் முதுகுத்தண்டின் பின்பக்கமாக மேலே சேதி கொண்டுபோகும் நரம்புக் கற்றை கெடும் என்றார் டாக்டர். ஊசி போட ஆரம்பித்தார்கள். மூன்று மாதம் முன்பே ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"உணர்வு இன்னும் கொஞ்சம் திரும்பி வந்திருக்கும். எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது," என்றார்.

இரண்டாவது கடிதத்தைத் தபாலில் அனுப்ப மேடம் சம்மதிக்கவில்லை. நேரில் போனோம். பள்ளிவாசலை ஒட்டிய ஜமாஅத் அலுவலக அறையில் செயலாளரும் இன்னும் நான்கு பெரியவர்களும் இருந்தார்கள். பாயும் ஹசீனாவும் வாசலோரம் நின்றார்கள். செயலாளர் இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல இல்லன்னு இருக்கு, இதுல இருக்குன்னு இருக்கு. கையெழுத்து ஒண்ணு. எதைம்மா நம்புறது?"

"முதல் தடவை சோதிச்சது நான்," என்றேன். "விரலைப் பிடிச்ச விதம் தப்பு. அதனால அவருக்குத் தெரியாததைத் தெரியும்னு எழுதிட்டேன்."

"விரலைப் பிடிக்கிறதுல என்னம்மா தப்பு சரி?"

"காட்டுறேன். பாயை இங்க நிக்க வச்சு..."

"வேணாம்," என்றார் மேடம். குரல் கீழே போயிருந்தது. "அவரு வேடிக்கைப் பொருள் இல்ல."

பாய் வாசலிலிருந்து உள்ளே வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தரையைப் பார்த்துப் பார்த்து நடுவில் வந்து நின்றார்.

"நானே நிக்கறேன் டாக்டரம்மா. மூணு மாசமா எல்லாரும் வேடிக்கைதான பாத்தாங்க. இதையும் பாக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ பின்னால நில்லும்மா. வுட்டுடாத," என்றார்.

இரண்டு பாதத்தையும் சேர்த்து நின்றார். நான் தொடாமல், இரு கையையும் விரித்துப் பின்னால் நின்றேன். கண் திறந்திருந்தவரை கம்பம்போல நின்றார். கண்ணை மூடினார். மூன்றெண்ணுவதற்குள் உடம்பு ஆட ஆரம்பித்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வெட்டிய வாழைபோல அப்படியே பின்னால் வந்தார். தாங்கிப் பிடித்தேன். கடலைமாவு சோப்பின் வாசமும் மெலிந்த எலும்புமாக என் கையில் கிடந்து, கண்ணைத் திறந்து, "விழுந்துட்டனா?" என்று கேட்டார்.

செயலாளர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. ஒரு பெரியவர் மெதுவாக, "காலுக்கு மணி பாக்கத் தெரியுமான்னு நாமதான கேட்டோம்," என்றார். செயலாளர் நாற்காலியை இழுத்துத் தானே பாயை உட்கார வைத்தார். வீடு காலி செய்யும் பேச்சு அன்றோடு நின்றது. சுபுஹுக்கு மட்டும் வேறு ஆள், மற்ற நான்கு வேளையும் பாய் என்று முடிவானது.

பஸ் நிறுத்தம்வரை பாய் எங்களோடு வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதைக் கேட்டதும் அவருக்கு வெட்கம் வந்துவிட்டது.

"அட, நீ ஒருத்தியா தப்பு பண்ணின? நகத்துல அமுக்கினா கீழ, அடில அமுக்கினா மேலன்னு ரெண்டாவது தடவையே பிடிச்சுட்டேன். அதான் பரீட்சைன்னு நெனச்சேன். விரலு அசையறது தெரியலன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

பிறகு மாதக்கணக்கில் வேலை. தரையில் கோடு போட்டு நடப்பது, கையில் டார்ச்சைப் பிடித்துப் பாதத்துக்கு வெளிச்சம் காட்டி நடப்பது, முகம் கழுவும்போது ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொள்வது. ஜமாஅத் சந்தில் இரண்டு விளக்குப் போட்டுக் கொடுத்தது. ஊசியால் இடது காலில் உணர்வு மெல்ல மெல்ல ஏறியது. மறு வருடம் நோன்பு தொடங்கியபோது சுபுஹுப் பாங்கும் அவரிடமே திரும்பி வந்தது என்று ஹசீனா போனில் சொன்னாள்.

கடைசியாக அவரைச் சோதித்தது அதற்குப் பிறகுதான். அன்றும் பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கவாட்டில் பிடித்து, மெதுவாக, வரிசை மாற்றி மாற்றி அசைத்தேன். இடது காலில் பெரும்பாலும் சரியாகச் சொன்னார். வலது காலுக்கு வந்தேன். ஒரு தடவை அசைத்தேன். இன்னொரு தடவை. மூடிய கண்ணுக்குள் அவர் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது. முன்பென்றால் ஏதாவது ஒன்றைச் சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்தியிருப்பார்.

"தெரியலம்மா," என்றார்.

"இன்னொரு தடவை பாப்போமா பாய்?"

"எத்தன தடவை பாத்தாலும் அது தெரியாது. அது போயிருச்சு." கண்ணைத் திறந்தார். "இல்லன்னே எழுது. இந்தத் தடவை எவனும் என்னைப் பொய்யன்னு சொல்ல முடியாதுல்ல?"

'வலது: இல்லை' என்று எழுதினேன். தாளை வாங்கி, தூரமாக நீட்டிப் பிடித்து ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து, செருப்பு எங்கே, கால் எங்கே என்று கண்ணாலேயே பார்த்து மாட்டிக்கொண்டு, லுஹருக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.